எந்தப் பக்கத்துக் குணம்?

குழப்படி தாங்க முடியவில்லை என்று பள்ளிக்கூடத்தால் அனுப்பப்பட்ட பிள்ளையோடு வரும் பெரியவர்கள், கதிரையில் இருந்து மூச்சு வாங்க முன்னரே வழக்கைத் தொடங்கிவிடுவார்கள். "இது முழுக்கத் தேப்பன்ரை பக்கத்துக் குணம், மிஸ்" என்பார் அம்மம்மா. அப்பம்மா வந்திருந்தால், தாய்வழியில் எந்த மாமன் எந்த வயதில் வீட்டைவிட்டு ஓடினான் என்ற விபரம் வரும். பிள்ளையின் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை என் மேசையிலுள்ள ஸ்ரேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறுவர் உளநலக் கிளினிக்குகளில் நான் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் வைத்தியரின் வேலை. குடும்பத்தின் கதையைக் கேட்டு, மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்து அவருக்கு முன்னால் வைப்பது என் வேலை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது படிவம் நிரப்புவதுபோலத் தெரியலாம். எனக்கு இந்தத் தொழிலின் உயிரே அந்தத் தாளில்தான் இருக்கிறது. பெரியவர்கள் பழிபோடக் கொண்டுவரும் அதே சாயலைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைக்கு உதவி செய்ய முடியும் என்பதை, வரைய வரைய நான் உறுதியாக நம்பத் தொடங்கினேன்.

வரையும் முறை எங்களுடையதல்ல. குடும்ப மருத்துவத்திலும் குடும்பச் சிகிச்சையிலும் உலகம் முழுக்கப் புழங்குவது. அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் குடும்பத்தைத் தலைமுறைகளாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மோனிக்கா மக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985 இல் எழுதிய புத்தகம் அந்தப் படத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. ஆண் சதுரம், பெண் வட்டம். கலியாணம் குறுக்குக்கோடு, பிள்ளைகள் அதிலிருந்து தொங்கும் கோடுகள், இறந்தவர் மேல் ஒரு பெருக்கல் குறி. நான் தாளைக் குறுக்காக வைத்து, பென்சிலால்தான் வரைவேன். அழிக்கவேண்டி வரும். முதலாவது கதையில் இல்லாத ஒரு சித்தப்பா மூன்றாவது சந்திப்பில் வந்து சேருவார்.

பிள்ளையின் இடத்தைப் பிள்ளையே கீறவேண்டும் என்பது என் வழக்கம். தாளின் அடியில் நடுவில் ஒரு சதுரமோ வட்டமோ போடச் சொல்வேன். சில பிள்ளைகள் அதற்குள் கண்ணும் வாயும் கீறுவார்கள். பக்கத்தில் நாயைக் கீறும் பிள்ளைகளும் உண்டு. நாயை நான் அழிப்பதில்லை. யாரோடு இரவில் படுக்கிறது, யார் ஏசினால் பயம், யார் வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போகும் என்பதெல்லாம் அந்தக் கீறலோடு கீறலாக வந்துவிடும்.

ஆனால் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் உயிரோடு இருப்பவருக்குக் குறி உண்டு, இறந்தவருக்குக் குறி உண்டு. போர் முடிந்த 2009 மேயில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லாத மனிதனுக்கு என்ன குறி போடுவது? ஒரு தாய் என் பென்சிலை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் சதுரத்துக்கு மேல் என் கை போனதும், "அதில குறுக்கால கீறாதேங்கோ மிஸ்" என்றாள். நான் கீறவில்லை. இப்படியான சதுரங்களை வெறுமனே விட்டு, அருகில் ஆண்டை மட்டும் எழுதுகிறேன். அந்த வெறும் சதுரத்துக்குக் கீழே வளரும் பிள்ளையின் கோபத்தையும் நித்திரையின்மையையும் விளங்கிக்கொள்ள, வைத்தியருக்கு அந்த ஆண்டு போதும்.

இனிக் கேட்கும் விதம். "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?" என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு இங்கே கிடைக்கும் விடை ஒன்றுதான்: "எங்கடை பக்கத்தில விசர் எண்டு ஒருத்தரும் இல்லை." வீட்டில் கலியாணத்துக்கு ஒரு சித்தி இருப்பார். சாதகம் தரகரின் கையில் இருக்கும். ஒரு வார்த்தை வெளியே போனால் பேச்சுக்கால் குழம்பிவிடும். இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. அது உண்மையில் நடந்துகொண்டிருக்கிற ஒன்று.

ஆகவே நான் நோயைக் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறேன். நாட்கணக்கில் நித்திரையில்லாமல் களைப்பும் இல்லாமல் திரிந்தவர்கள் யாரும்? சேர்த்துவைத்த காசையெல்லாம் ஒரு கிழமைக்குள் அள்ளிச் செலவழித்து, கோயில் நிர்வாகத்தோடு சண்டை பிடித்து, பிறகு மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தவர்? விடிய மூன்று மணிக்கே எழும்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறவர்? போன வேலை ஒன்றிலும் நிலைக்காதவர், மோட்டார் சைக்கிளில் விழுந்து விழுந்து எழும்புகிறவர்? பொழுதுபட்டால் குடிக்காமல் இருக்க முடியாதவர்? இப்படிக் கேட்டால் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். "அவர் அப்பிடித்தான், ஆனா விசர் இல்லை" என்ற முன்னுரையோடு வருவார்கள். பரவாயில்லை. தாய்வழியைத் தகப்பன் இல்லாதபோதும், தகப்பன்வழியைத் தாய் இல்லாதபோதும் கேட்பது நல்லது. எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பவர் பெரும்பாலும் கலியாணம் கட்டாத ஒரு பெரியம்மாவாக இருப்பார். அவருக்கு மறைக்கவேண்டிய தேவையும் குறைவு.

இப்போது இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. தாயின் தங்கை ரொரன்ரோவில் இருப்பார். வட்ஸ்அப்பில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "எங்கடை சின்னவனுக்கும் இஞ்ச பள்ளிக்கூடத்தில பாத்திட்டு ஏடிஎச்டி எண்டு சொன்னவை அக்கா, நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்பார். கனடாவில் ஒரு பிள்ளைக்கு வைக்கப்பட்ட பெயர், அச்சுவேலியில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரனின் ஐந்து வருடக் குழப்படிக்கு முதல்முறையாக ஒரு காரணத்தைக் கொடுக்கும்.

அந்த நோயையே எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் இருக்க முடியாமை, கவனம் நிற்காமை, யோசிக்க முன்னர் செய்துவிடுவது. சிறுவயது உளநலப் பிரச்சினைகளில் பரம்பரையின் பங்கு மிகக் கூடியவற்றில் இதுவும் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தப் பங்கை நூற்றுக்கு 70 முதல் 80 வரை என்று சொல்கின்றன. உற்சாகமும் சோர்வும் உச்சத்துக்கு மாறிமாறிப் போகும் இருதுருவ நோய்க்கு 60 முதல் 85 வரை. மனச்சோர்வுக்கு ஏறக்குறைய 37 தான். இந்த எண்களைப் பெற்றோர் பிழையாக விளங்கிக்கொண்டு கலங்குவதைக் கண்டிருக்கிறேன். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து வரும் என்பது இதன் பொருளல்ல. மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை இரத்த உறவு விளக்குகிறது என்பதுதான் கணக்கு. தனியாக ஒரு குற்றவாளிப் பரம்பரை அலகும் கிடையாது. ஏடிஎச்டியோடு தொடர்பான 12 இடங்களை 2019 இல் மனித மரபுத்தொகுதியில் கண்டார்கள். 2023 இல் அது 27 ஆனது. ஒவ்வொன்றின் பலமும் மிகச் சிறியது. இன்னும் எத்தனையோ சேர்ந்துதான் வேலை செய்கின்றன. அவற்றில் பல, நோயே இல்லாத உங்களிடமும் என்னிடமும் இருக்கும். ஆகவே அம்மம்மாவும் அப்பம்மாவும் ஆளுக்கு ஆள் விரல் நீட்டும்போது, இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் சரி என்றுதான் நான் சொல்வேன். இரண்டு பக்கத்தாலும்தான் பிள்ளைக்கு வந்திருக்கிறது, கண்ணும் மூக்கும் வந்ததைப்போல.

வடமராட்சியில் இருந்து ஒரு மேசன், நான்காம் வகுப்பு மகனைக் கூட்டிவந்தார். (இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் பல குடும்பங்களைக் கலந்து எழுதியவை.) புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த வருடம், இரண்டு ரியூசன், ஒன்றிலும் பெடியன் இருப்பதில்லை. தகப்பன் கைநீட்டி அடிப்பார் என்று தாய் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் பிள்ளையைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளைத் தகப்பனின் சிறுவயதைப் பற்றிக் கேட்டேன். வகுப்பில் எந்த வாங்கில் இருந்தீர்கள், கொப்பிகளைத் தொலைப்பீர்களா, எத்தனையாம் வகுப்போடு விட்டீர்கள்? அவர் வாயைத் திறக்க நேரம் எடுத்தது. "எட்டாம் வகுப்போட விட்டனான். வாத்தியார் என்னை வெளியில வெயிலுக்க முழங்காலில விடுவார். எனக்கு உள்ளுக்க இருக்கேலாது மிஸ், என்ன செய்யிறதெண்டும் தெரியாது." சொல்லிவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் பேசவேண்டியது அதிகம் இருக்கவில்லை. அடியால் தனக்கு என்ன கிடைத்தது என்பது அவருக்குத் தெரியும். பிறகு வைத்தியர் மெதில்பெனிடேற் என்ற மருந்தைப் பற்றி விளக்கியபோதும், வகுப்பில் முன்வாங்கில் இருத்தும்படி ரீச்சருக்கு நாங்கள் கடிதம் எழுதியபோதும், அவர் எங்கள் பக்கத்து ஆளாகிவிட்டார். அதே தகப்பனிடம் அடிக்கக்கூடாது என்று உபதேசம் செய்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

மனச்சோர்வின் பாதை வேறு. பிள்ளைகளில் அது அழுகையாக வரவேண்டும் என்றில்லை. எரிச்சல், எதிர்த்துக் கதைத்தல், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுதல், வயிற்றுநோ என்று பள்ளிக்கூடம் போகாமை. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைத் "திமிர் பிடிச்சிட்டுது" என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். தாய்க்குப் போர்க்காலத்தில் வன்னியில் நடந்தவை எல்லாம் நடந்திருந்தன. பத்து வருடத்துக்கு மேலாக நித்திரை இல்லை. நெஞ்சு பாரம் என்று இதயப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். "எனக்கொண்டுமில்லை மிஸ், பிள்ளையைப் பாருங்கோ." இந்த வசனத்தை வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் ஒரே குரலில் கேட்டிருக்கிறேன்.

மனச்சோர்வு உள்ள பெற்றோரின் பிள்ளைகளை மேர்னா வைஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982 இல் தொடங்கிப் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதகளிப்பும் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தன. இது பயமுறுத்தும் பாதி. மற்றப் பாதியை அவரது குழுவே 2006 இல் வெளியிட்டது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த தாய்மார் 151 பேரின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் தாய் முற்றாகக் குணமான வீடுகளில் பிள்ளைகளின் உளநோய்கள் நூற்றுக்கு 11 குறைந்தன. தாய் குணமாகாத வீடுகளில் அவை நூற்றுக்கு 8 கூடின. வைத்தியம் செய்தது தாய்க்கு மட்டும்தான்.

எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் ஒரு வளவில் இறைத்தால் அடுத்த வளவுக் கிணறும் இறங்கும். நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஒன்று. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் அப்படி ஓர் ஊற்று ஓடுகிறது என்று நான் தாய்மாருக்குச் சொல்வேன். உங்களுக்கு மருந்து எடுப்பது பிள்ளைக்குச் செய்யும் வேலை என்று சொன்னால் அவர்கள் வருகிறார்கள். தங்களுக்காக வரச்சொன்னால் வரமாட்டார்கள். அந்தப் பெண்பிள்ளையின் தாய் கிளினிக்குக்கு ஒழுங்காக வரத் தொடங்கி, நித்திரை திரும்பி, வீட்டில் பின்னேரத் தேநீரோடு கதைக்கத் தொடங்கிய பிறகு, மகளுக்கு நாங்கள் செய்யவேண்டியிருந்தது பாதியாகக் குறைந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் இரத்தத்தால் வருவதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவில், போர் நெருங்கியதால் வலிகாமம் முழுவதும் எழும்பி, செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அன்று தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்த எட்டு வயதுப் பிள்ளைதான் இன்று என் முன்னால் தகப்பனாக இருக்கிறார். அவரது திடீர்க் கோபமும், பட்டாசு வெடித்தால் உடல் நடுங்குவதும் மகனுக்குப் பரம்பரை அலகால் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு இரவும் அதே வீட்டில் இருந்து பார்த்துப் பழகியதாலும் போகிறது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் இருந்த தயா சோமசுந்தரம், 1998 இல் வெளிவந்த தன் நூலிலும் பின்வந்த எழுத்துகளிலும் மனவடுவைத் தனி மனிதனின் மண்டைக்குள் தேடாமல், குடும்பத்திலும் ஊரிலும் தேடச் சொன்னார். அவர் கூட்டு மனவடு என்று சொன்னதை நான் தினமும் பென்சிலால் வரைகிறேன்.

ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிளவுடியா கத்தானி குழுவினர் செய்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. நூற்றுக்கு 82 பேருக்குப் போர் அனுபவம் இருந்தது. அதைவிடக் கூடுதலாக, நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் வீட்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்முறையைக் கண்டோ பட்டோ இருந்தார்கள். நூற்றுக்கு 30 பேருக்கு மனவடு நோயும் 20 பேருக்கு அண்மித்து மனச்சோர்வும் இருந்தன. பிள்ளை வீட்டில் படும் துன்பத்தின் அளவோடு தொடர்புபட்டு நின்றவை இரண்டு: தகப்பனின் குடி, போரில் பட்டது. போர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு எப்படி உள்ளே வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் வாசிக்கவில்லை. சிறிஸ்கந்தராஜா, நொய்னர், கத்தானி ஆகியோர் வடக்கில் 359 பிள்ளைகளிடம் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெற்றோர் தன்னை அன்பாகப் பார்க்கிறார்கள் என்று உணரும் பிள்ளையின் மனத்துக்குள், பேரிடரும் போரும் செய்யும் சேதம் குறைகிறது. பரம்பரையை மாற்ற எங்களால் முடியாது. அந்த உணர்வை ஒரு வீட்டில் வளர்க்க முடியும், அதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

வரைபடம் நேரடியாக மருந்தை மாற்றும் இடமும் உண்டு. பதினாறு வயதுப் பெடியன், கடும் சோர்வு. தாய்மாமன் ஒருவர் இருதுருவ நோய்க்கு வருடக்கணக்கில் லிதியம் எடுக்கிறார் என்பது மூன்றாவது சந்திப்பில், பெரியம்மா சொல்லித் தெரியவந்தது. இருதுருவ நோய் உள்ள குடும்பத்தில் சோர்வுக்கான மருந்தைத் தனியே கொடுத்தால் சிலவேளை மறுமுனைக்குத் தூக்கிவிடும். வைத்தியர் திட்டத்தை மாற்றி, மிகக் கவனமாகக் கண்காணித்தார். லிதியம் நன்றாகக் கேட்கும் தன்மையும் குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவது. மாமனுக்கு எது கேட்டது என்பது மருமகனுக்குப் பயனுள்ள தகவல். இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லவேண்டும். கோபக்காரப் பிள்ளையை எல்லாம் இருதுருவம் என்று முத்திரை குத்தும் பழக்கம் அமெரிக்காவில் பரவி, 2013 இல் அவர்களது நோய்நிர்ணயக் கைநூலில் ஓயாத எரிச்சலுக்கென்று வேறொரு பெயரைச் சேர்க்கவேண்டி வந்தது. மாமனுக்கு இருந்ததால் மருமகனுக்கும் அதுதான் என்று எழுத எவருக்கும் உரிமை இல்லை.

குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்தார்களா என்பதையும் கேட்கவேண்டும். "திடீரெண்டு செத்தவர்" என்று சொல்லிக் கண்ணைத் திருப்பினால், அவசரப்படாமல், அடுத்த சந்திப்பில் திரும்பக் கேட்பேன். அந்தக் கேள்வியால் எவருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை. அப்படி ஒரு வீட்டிலுள்ள பிள்ளைக்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெரியவர்களையும் மனப்பாடமாக்க வைப்பேன்.

கடைசியில் கதவடியில் நின்று தாய் கேட்பாள்: "இவளுக்கு இனி ஒரு கலியாணம் செய்யலாமோ? இவளின்ரை பிள்ளைக்கும் வருமோ?" மழுப்பலான ஆறுதல் சொல்வது எனக்குப் பிடிக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இருதுருவ நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் அந்த நோய் வராது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவர் சுகமாக இருப்பது உண்டு. இதை விரல் மடித்து எண்ணிக் காட்டுவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது, எவ்வளவு சொல்வது என்பது வேறு கதை. அதற்கு ஒரு தனிச் சந்திப்பு வைத்து, மகளையும் இருத்திக் கதைப்போம், முடிவு அவளுடையது.

பிள்ளையைக் கிளினிக்குக்கு அனுப்பும் ரீச்சர்மாரிடமும் அழைத்துவரும் உறவினரிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பிள்ளையின் றிப்போட்டோடு வீட்டிலுள்ள பெரியவர்களின் கிளினிக் கொப்பிகளையும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் குளிசை மட்டையின் வெற்றுத் தகடாவது போதும், பெயரை அதில் வாசித்துவிடலாம். தகப்பனுக்கு வேலை என்றால் அவருக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள், திகதியை மாற்றித் தருகிறோம். அம்மம்மாவையும் கூட்டிவாருங்கள். அவருக்கு ஒரு கதிரை எப்போதும் போட்டுவைக்கிறோம்.